வலது பக்கம் படுத்தா கும்பகர்ணன்: எங்க கருப்பனை கிராஸிங் விடலாமா டாக்டர்?

மதுரைக்குப் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். பேர், ஊர் எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். வயசு 34, மில்லுல சூப்பர்வைசர். வீட்ல ஒரு ராஜபாளையம் நாய், ஆண், ரெண்டு வருஷம் நாலு மாசம். பால் மாதிரி வெள்ளை, ரோஸ் மூக்கு, ஆனா பேரு கருப்பன், குலசாமி பேராம் (படிச்சிட்டு சிரிச்சிட்டேன்). கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருக்கு. பக்கத்து ஊர்ல மூணு பெட்டை வச்சு குட்டி விக்கிற ஒருத்தர் கருப்பனை பாத்துட்டு கிராஸிங்குக்கு, அதாவது பெட்டையோட சேத்து விட, கேக்குறார், பத்தாயிரம் ரூபா தர்றேன் இல்லன்னா ஈத்துல ஒரு குட்டி எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கார். ஒரு பெட்டை ஹீட்டுக்கு (இணை சேர்ற பருவத்துக்கு) வந்ததும் போன் பண்றேன், மூணு நாள் என் இடத்துல விட்டுட்டுப் போங்கன்னும் கேட்டிருக்கார். வாசகரோட அம்மா "ரெண்டு வயசாச்சு, ஒரு துணை காட்டாம வச்சிருக்கீங்களே, பாவம்டா"ன்னு சொல்றாங்க. கருப்பன் ஒரு ஆறு மாசமா பால்காரரைப் பாத்தா பாயுறானாம், மில்லுல கூட வேலை பாக்குறவர் "ஒரு தடவை சேத்து விடு, கோபம் அடங்கிரும்"னு சொல்லிட்டார். மனைவிக்கு மட்டும் இதுல இஷ்டமில்ல, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல, வேண்டாம்னு மனசு சொல்லுதுன்னு சொல்றாங்களாம். "நாட்டு நாய் இனத்தை காப்பாத்துன மாதிரியும் ஆச்சு, நமக்கும் கொஞ்சம் காசு, அவனுக்கும் சந்தோஷம், இதுல தப்பு என்ன டாக்டர்?"னு முடிச்சிருக்கார்.

தம்பி, தப்புன்னு நான் எடுத்த எடுப்புல சொல்ல மாட்டேன். நல்ல ஆண் நாயை யோசிச்சு, டெஸ்ட் பண்ணி, சரியான பெட்டைக்கு விடுறதுல ஒரு தப்பும் இல்ல, அப்படி யாராவது செஞ்சாதான் இந்த இனமே நிக்கும். ஆனா உங்க லெட்டரை ரெண்டாவது தடவை படிக்கும்போது ஒரு இடத்துல நின்னுட்டேன். நீங்க கேள்வியா கேட்ட இடம் இல்ல அது, பையனைப் பத்தி பெருமையா எழுதிக்கிட்டே போற இடம்.

மூணாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க: "வலது பக்கம் சாஞ்சு படுத்தான்னா கும்பகர்ணன், இடி இடிச்சாலும் எந்திரிக்க மாட்டான், இடது பக்கம் படுத்தா மட்டும் கேட் கொண்டி சத்தத்துக்கே எந்திரிச்சிடுவான், அது என்ன ராசியோ". அதுக்குக் கீழயே, "கூப்பிட்டா உடனே வர மாட்டான், முதல்ல வேற எங்கயோ பாப்பான், அப்புறம் மெதுவா திரும்பி வருவான், அவ்ளோ ஸ்டைல்". கடைசி பக்கத்துல போற போக்குல, "கூடப் பிறந்த எட்டுல ஒண்ணு செவிடு, அதை மட்டும் யாருக்கோ சும்மா குடுத்துட்டாங்களாம், நல்லவேளை எங்களுக்கு அது வரல".

இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஒரு காது

வலது பக்கம் சாஞ்சு படுத்தா வலது காது தரையோட அமுங்கிடும், மேல இருக்குறது இடது காது. அப்போ சத்தம் கேக்கல. இடது பக்கம் படுத்தா வலது காது மேல இருக்கு, அப்போ கொண்டி சத்தம் கூட கேக்குது. எனக்கு இதைப் படிச்சதும் தோணுனது, கருப்பனுக்கு இடது காது கேக்கலையோன்னுதான். கூப்பிட்டா வேற திசையில பாக்குறதும் அதோட பொருந்துது, சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு காதும் வேணும், ஒரு காது மட்டும் இருந்தா சத்தம் கேக்கும், எங்கருந்துன்னு தெரியாது, அதனால தேடுவான். அது ஸ்டைல் இல்ல தம்பி, பாவம் தேடுறான்.

ஒரு காது கேக்காத நாயை வீட்ல வச்சு வருஷக்கணக்கா வளத்தாலும் தெரியாமலே போயிடும், இன்னொரு காது எல்லாத்தையும் சமாளிச்சிரும். ரெண்டு காதும் கேக்கலன்னாதான் குட்டியிலயே மாட்டிக்கும், தட்டு சத்தத்துக்கு எல்லா குட்டியும் ஓடிவரும்போது ஒண்ணு மட்டும் தூங்கிட்டு கிடக்கும்ல, அப்படி.

இது ஏன் வெள்ளை நாய்க்கு வருதுன்னா, தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற செல் இருக்கே, அதே வகை செல் உள்காதுலயும் இருக்கு. அங்க அதுக்கு வேலை நிறம் குடுக்குறது இல்ல, காது நரம்பு முனைங்க உயிரோட இருக்குறதுக்கு அது வேணும். உடம்பு முழுக்க அந்த செல்லே கம்மியா இருக்குற நாய்ல சில சமயம் உள்காதுக்கும் அது போய்ச் சேராது, அப்போ குட்டி பிறந்து மூணு நாலு வாரத்துக்குள்ள அந்தக் காது உள்ள செத்துப் போயிடும், அதுக்கப்புறம் மருந்தும் இல்ல ஆபரேஷனும் இல்ல. டால்மேஷியன்ல இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு, அமெரிக்காவுல டெஸ்ட் பண்ணுன டால்மேஷியன்ல கிட்டத்தட்ட 100க்கு 30 நாய்க்கு ஒரு காதோ ரெண்டு காதோ கேக்கல, அதுலயும் ஒரு காது மட்டும் போனதுதான் அதிகம். நம்ம ராஜபாளையத்துல செவிட்டுக் குட்டி பிறக்குறது வளக்குறவங்க எல்லாருக்கும் தெரியும், வெளிய பேச மாட்டாங்க, அவ்ளோதான். வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் அழகுன்னு தலைமுறை தலைமுறையா அதையே பாத்துப் பாத்து சேத்ததுல வந்த வினை.

"கண்ணு நீலமா இருந்தாதான் செவிடு, கருப்பனுக்கு தேன் கலரு"ன்னு யாராவது சொல்வாங்க. நீலக்கண்ணுக்கு ஆபத்து கூடுதல்ங்கிறது நெசம், அதுக்காக தேன் கலர் கண்ணு காரன்ட்டி கிடையாது. அப்பா அம்மா ரெண்டுக்கும் நல்லா கேக்கும்னு வித்தவர் சொல்லியிருந்தாலும் அதே கதைதான், கருப்பனோட கூடப் பிறந்ததுலயே ஒண்ணு செவிடுன்னா இது அந்த ரத்தத்துல ஓடுதுன்னு அர்த்தம்.

நான் லெட்டரை வச்சு சொல்றேன், நாயைப் பாக்கல, அதனால நீங்களே முதல்ல பாருங்க. அவன் நல்லா அசந்து தூங்கும்போது தலைக்குப் பின்னாடி பத்தடி தள்ளி நின்னு சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குங்க. தரையை மிதிச்சு அதிர்வு குடுக்காதீங்க, ஃபேன் காத்துல உங்க வாசனை போற பக்கம் நிக்காதீங்க, வீட்ல இன்னொருத்தர் அவன் காது அசையுதான்னு மட்டும் பாக்கட்டும். வலது பக்கம் படுத்திருக்கும்போது நாலு நாள், இடது பக்கம் படுத்திருக்கும்போது நாலு நாள். ஒரே நாள்ல பத்து தடவை குலுக்குனா சலிச்சுப் போய் கண்டுக்க மாட்டான். எட்டு நாளும் லெட்டர்ல எழுதுன மாதிரியே வந்துச்சுன்னா உங்க டாக்டர்கிட்ட போங்க. அவர் முதல்ல காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்கணும், அழுக்கு அடைச்சோ பழைய சீழ் பிடிச்சோ காது மந்தமாயிருந்தா அது வேற கதை, அது குட்டிக்குப் போகாது.

உள்ள சுத்தமா இருந்தும் கேக்கலன்னா அப்புறம் உறுதியா சொல்றது பெரா டெஸ்ட் ஒண்ணுதான், பிறந்த குழந்தைக்கு காது கேக்குதான்னு பாக்குறாங்களே அதேதான், தலையில சின்ன ஊசி மாதிரி வயர் வச்சு ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா டிக் டிக்னு சத்தம் விட்டு மூளைக்குப் போகுதான்னு கம்ப்யூட்டர்ல கோடு பாப்பாங்க. நாய்க்கு இது எல்லா ஊர்லயும் கிடையாது, சென்னை வேப்பேரி கால்நடை கல்லூரி மாதிரி பெரிய இடத்துல விசாரிக்கச் சொல்லி ரெஃபரல் வாங்குங்க. இதுக்கு ரத்தத்துல பாக்குற டிஎன்ஏ டெஸ்ட்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, இந்த வெள்ளை நிறச் செவிட்டுக்கு அப்படி ஒண்ணு இல்ல.

இடது காது பிறவியிலயே போனதுதான்னு ஆச்சுன்னா என் பதில் ஒரே சொல், வேண்டாம். ஒரு காதுதானே, பாதிதானேன்னு நினைக்காதீங்க, குட்டிக்குப் போறதுல ஒரு காது ரெண்டு காதுன்னு வித்தியாசம் இல்ல, ஒரு காது போன நாய்க்கு ரெண்டு காதும் போன குட்டி பிறக்கலாம். செவிட்டுக் குட்டிய கை ஜாடை காட்டி அழகா பழக்கலாம், பழக்குனவங்களை எனக்கே தெரியும், ஆனா ஏழெட்டு குட்டியில ஒண்ணோ ரெண்டோ செவிடா பிறந்தா அந்த மூணு பெட்டைக்காரர் ஜாடை காட்டி வளப்பாரா? ஹாரன் கேக்காத நாய் நம்ம ரோட்டுல எத்தனை நாள் தாங்கும்?

கோபம் அடங்கும்ங்கிறது

இது எங்க போனாலும் கேக்குற பேச்சு. ஆண் நாய் ஒரு தடவை சேந்துட்டா சாந்தமாயிடும், சேராம வச்சிருந்தா வெறி ஏறும், கேன்சர் வரும், அப்படி இப்படின்னு. ஒண்ணும் கிடையாது தம்பி. சேராத ஆண் நாய்க்கு அதனால ஒரு நோயும் வராது. நாய் துணையை நினைச்சு ஏங்காது, பக்கத்துல ஹீட்டுக்கு வந்த பெட்டையோட வாசனை வந்தாதான் அதுக்கு ஞாபகமே வரும், வாசனை போச்சுன்னா சோறு, தூக்கம், உங்க செருப்பு, இதுதான் அதோட உலகம். ஒரு தடவை விட்டுட்டா பல நாயில நேர் எதிரா நடக்கும், அந்த வாசனைக்காக சுவர் தாண்ட ஆரம்பிக்கும், வீடு பூரா கால் தூக்கும், ராஜபாளையத்துக்கு ஆறடி சுவரெல்லாம் ஒரு சுவரா. அம்மாகிட்ட இதை பதமா எடுத்துச் சொல்லுங்க, அவங்க சொல்றது பாசத்துல, ஆனா அது மனுஷங்க கணக்கு.

பால்காரர் விஷயத்துக்கு வர்றேன். கருப்பனை திண்ணைத் தூண்ல கட்டியிருக்கோம், பால்காரர் சந்து வழியா வருவார்னு எழுதியிருக்கீங்க. சந்து அவனுக்கு எந்தப் பக்கம்? இடது பக்கமா இருந்தா, ஒரு ஆள் வர்ற சத்தமே கேக்காம திடீர்னு கண்ணு முன்னாடி முளைச்ச மாதிரி இருக்கும் அவனுக்கு. திடுக்கிட்டு பாயுறான். நமக்கும் பின்னாடி இருந்து யாராவது தோள்ல கை வச்சா அப்படித்தானே. இது கோபமா இல்ல அதிர்ச்சியான்னு பிரிச்சுப் பாக்கணும், அதுக்கு வழி கிராஸிங் இல்ல. நாளைக்கே கட்டுற இடத்தை மாத்துங்க, பால்காரரை அவன் பாக்குற மாதிரி நேரா வாசல் வழியா வரச் சொல்லுங்க, வெறிநாய் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டிருக்கான்னு கார்டை எடுத்துப் பாருங்க. காயடிச்சா சரியாகுமான்னு அடுத்து கேப்பீங்க. சுவர் தாண்டுறது, கால் தூக்குறது, பெட்டை பின்னாடி ஓடுறது இதுக்கெல்லாம் உதவும். பயத்துல பாயுற நாய்க்கு அதை மட்டும் நம்பி பண்ணாதீங்க, சிலதுக்கு பயம் கூடியிருக்கு. காது விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம் அதைத் தனியா பேசுவோம்.

மூணு நாள் விட்டுட்டுப் போங்க

காது நல்லா இருக்குன்னே வச்சுக்குவோம். அப்பவும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கல. வழக்கம் என்னன்னா பெட்டையத்தான் ஆண் நாய் இருக்குற இடத்துக்குக் கூட்டிட்டு வருவாங்க, தன் இடத்துல ஆண் நாய் தெம்பா இருக்கும், நீங்களும் கூட இருந்து பாக்கலாம். இவர் உங்க நாயை அங்க விடச் சொல்றார், அவர்கிட்ட இருக்குறது மூணு பெட்டை, நீங்க இல்லாத மூணு நாள்ல ஒண்ணுக்குத்தான் விட்டாருன்னு யார் பாத்தா? ஆள் எப்படின்னு எனக்குத் தெரியாது, குத்தம் சொல்லல, ஏற்பாடு சரியில்லன்னு சொல்றேன்.

நோயையும் பாக்கணும். நம்ம ஊர் நாய்ங்க கிட்ட சேர்க்கையில பரவுற ஒரு கட்டி ரொம்ப சாதாரணம், டிவிடின்னு (TVT) சொல்வோம். போன வருஷம் ஒருத்தர் அவரோட ஆண் நாயைக் கூட்டிட்டு வந்தார், வெள்ளை டைல்ஸ்ல அங்கங்க சொட்டு சொட்டா ரத்தம், ஒரு மாசமா யூரின் இன்ஃபெக்‌ஷன்னு நினைச்சு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கார். தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பாத்தா காலிஃப்ளவர் பூ மாதிரி சிவப்பா, தொட்டாலே ரத்தம். வின்கிறிஸ்டின்னு கேன்சர் ஊசி, வாரத்துக்கு ஒண்ணா ஆறு வாரம் போட்டோம், சரியாயிடுச்சு. மருந்துக்கு நல்லா கேக்குற கட்டிதான், ஆனா அந்த ஆறு வாரத்துல அவர் கிராஸிங்குக்கு வாங்குன காசு எங்க போச்சுன்னு அவர்கிட்டதான் கேக்கணும். அதை விட மோசம் புருசெல்லா. ஆண் நாய்க்கு விதை வீங்கும், இல்லன்னா ஒண்ணுமே தெரியாது, பெட்டைக்கு ஆறேழு வாரத்துல கரு கலையும். அதை முழுசா ஒழிக்க மருந்து இல்ல, மனுஷங்களுக்கும் தொத்தும். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணலாம், ரெண்டு நாய்க்கும் பண்ணணும், கிராஸிங்குக்கு முன்னாடி பண்ணணும். அந்தப் பேச்சை எடுத்ததும் அவர் முகம் போற போக்கைப் பாருங்க, பாதி பதில் அங்கயே கிடைச்சிரும்.

சட்டத்துல நான் வக்கீல் இல்ல, எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு சொல்றேன். 2017ல மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதி போட்டுச்சு, வளத்து விக்கிறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், பெட்டைக்கு ஒன்றரை வயசு ஆகியிருக்கணும், குட்டிய எட்டு வாரத்துக்கு முன்னாடி விக்கக் கூடாது. அவரோட பதிவு சர்டிபிகேட்டைக் கேளுங்க, பெட்டைக்கு என்ன வயசு, கடைசி ஈத்து எப்போன்னு கேளுங்க. இல்லன்னா அந்த ஈத்துல உங்க நாய் பேரும் சேந்து நிக்கும். கேசிஐல ஈத்து பதியணும்னா ரெண்டு பக்கமும் பேப்பர் இருக்கணும், அவரோட பெட்டைக்கு இருக்கான்னு நீங்க எழுதவே இல்ல. இன்னொண்ணு, பேப்பர்ங்கிறது அப்பன் ஆத்தா யாருன்னு சொல்லும், காது கேக்குமான்னு சொல்லாது, நிறைய பேர் அதை ஹெல்த் சர்டிபிகேட் மாதிரி நினைச்சுக்குறாங்க.

காசுக்கு பதிலா குட்டி எடுத்துக்கலாம்ங்கிற ஆசை இருந்தா, எந்தக் குட்டி, யாரு முதல்ல எடுக்குறது, ஒரே ஒரு குட்டி பிழைச்சா யாருக்கு, பெட்டை சினையே பிடிக்கலன்னா அடுத்த ஹீட்டுக்கு இலவசமா விடணுமா, இதெல்லாம் வெள்ளைப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. வாய் வார்த்தையில சினேகிதமா ஆரம்பிச்சு குட்டி எடுக்குற அன்னைக்கு சண்டையாகி பேச்சை நிறுத்திக்கிட்டவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு வீடு.

இனத்தைக் காப்பாத்துறது

இந்தப் பேச்சுக்கு நானும் மயங்குற ஆள்தான். 2005ல தபால் துறை நாலு இந்திய நாய்க்கு ஸ்டாம்ப் போட்டப்போ அதுல ராஜபாளையமும் இருந்துச்சு, பத்திரமா ஒரு ஸ்டாம்ப் வச்சிருக்கேன். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல நாட்டு நாய் வளக்கச் சொல்லி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பேரெல்லாம் சொன்னார், ஆசைப்பட்டுக் கேக்குற ஆளும் கூடிப்போச்சு. ஆசை கூடுனா குட்டி கூடும், அது காப்பாத்துறது ஆகாது. இந்த இனத்துல ஏற்கனவே ரத்தம் குறுகிப் போய்க் கிடக்கு, பாக்க லட்சணமா இருக்குற ஒரே ஆண் நாயை அந்த வட்டாரம் பூரா விட்டா ரெண்டு தலைமுறையில எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தமாயிடும், ஒளிஞ்சிருந்த குறையெல்லாம் வெளிய வரும். நிஜமாவே காப்பாத்தணும்னா ரெண்டு காதும் கேக்குதுன்னு பெரா டெஸ்ட்ல தெரிஞ்ச நாயை, தூரத்து ரத்தத்துப் பெட்டைக்கு, ஒண்ணு ரெண்டு தடவையோட நிறுத்துறதுதான் வழி. செவிட்டுக் குட்டி பிறந்தா அதை மறைக்காம சொல்றதும் அதுல சேத்தி. கருப்பனோட கூடப் பிறந்ததைப் பத்தி வித்தவர் உங்ககிட்ட சொன்னாரே, அந்த ஒரு விஷயத்துல அவர் நல்ல மனுஷன். நீங்க இதை அந்தப் பெட்டைக்காரர்கிட்ட சொன்னீங்களா? லெட்டர்ல அது இல்ல. காது டெஸ்ட் எப்படி வந்தாலும் அதை அவர்கிட்ட சொல்லியே ஆகணும்.

ஆக இப்போதைக்கு அவருக்கு என்ன பதில்னா, "ஹெல்த் செக்கப் பாக்கி இருக்கு, அது முடியாம கருப்பனை விட முடியாது"ன்னு சொல்லிடுங்க, டாக்டர் மேல பழியைப் போடுங்க, எனக்குப் பழகிப்போச்சு. பெட்டை ஹீட்டுக்கு வந்துருச்சு, இன்னைக்கு பதினொண்ணாவது நாள், இன்னைக்கு விட்டா போச்சுன்னு அவசரப்படுத்துவார். நாள் கணக்கு ஒவ்வொரு பெட்டைக்கும் மாறும், ரத்தத்துல புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன் அளவைப் பாத்து நாள் குறிக்கிறவர் இப்படி போன்ல பதற மாட்டார். இந்த ஹீட் போனா ஆறேழு மாசத்துல அடுத்தது வரும். கருப்பனுக்கு ரெண்டரை வயசு கூட ஆகல, வயசு ஒண்ணும் ஓடிப் போயிடல.

உங்க வீட்டம்மாவுக்கு ஏன் வேண்டாம்னு சொல்லத் தெரியலன்னு எழுதியிருந்தீங்க. கும்பகர்ணன்னு பேர் வச்சது யாரு, நீங்களா அவங்களா? தினமும் அவனுக்கு சோறு வைக்கிறவங்க அவங்கதான்னு நினைக்கிறேன். சாவிக்கொத்தை அவங்க கையில குடுங்க, நீங்க உக்காந்து காது அசையுதான்னு பாருங்க. எட்டு நாள் கழிச்சு, எந்தப் பக்கம் எத்தனை தடவை எந்திரிச்சான்னு ஒரு வரி எழுதுங்க.